மச்சான் பேரில் நிலம்

கேள்வி: போரில் தோற்ற ஜப்பானில் நிலச் சீர்திருத்தம் எப்படிப் பலித்தது? இங்கே உச்சவரம்பு என்றதும் நிலமெல்லாம் மச்சான் பேருக்குப் போனதே!
– வாசகர், பாலக்கோடு

பதில்: மச்சான் வழியைத்தான் அங்கே முதலில் அடைத்தார்கள். ஜப்பானை ஆக்கிரமித்திருந்த நேச நாட்டுப் படைகளின் அமெரிக்கத் தளபதி மெக்கார்தரின் நெருக்குதலில் சட்டம் வந்தது 1946 அக்டோபரில். ஆனால் 1945 நவம்பர் 23 நிலவரப்படி கணக்கெடுக்க இடம் வைத்தார்கள். அப்புறம் பேர் மாற்றி என்ன லாபம்? வெளியூர்ப் பண்ணையார் குத்தகைக்கு விட்டது முழுக்க அரசுக்கு. உள்ளூர்க்காரர் 1 சோ, அதாவது சுமார் இரண்டரை ஏக்கர், குத்தகைக்கு விட்டுக்கொள்ளலாம், வடக்குத் தீவான ஹொக்கைடோவில் 4 சோ. இதை நடத்திய ஊர்க் குழுவில் குத்தகைதாரர் 5, நிலக்கிழார் 3, சொந்த நில உழவர் 2. அரசு நிலத்தை வாங்கி உழவருக்கு விற்கும் விலையை முன்பே நிர்ணயித்துவிட்டதால், பணவீக்கத்தில் நிலக்கிழாருக்கு ஈடாகத் தந்த கடன் பத்திரம் வெறும் காகிதமானது. அநியாயம்தான், உழவர் கடனில் மூழ்காததும் அதனால்தான். காட்டை மட்டும் தொடவில்லை.