‘ஆர்கானிக்’ என்று போட்ட இங்கிலாந்து சைடர் பாட்டில் வாங்கினால் உண்மையிலேயே நன்றாக இருக்குமா? குடித்துப் பார்த்து எப்படி மதிப்பிடுவது?

ஆர்கானிக்கா என்பது ஒரு கேள்வி, நன்றாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. எட்டு வருடமாக இங்கிலாந்தின் மேற்கே ஹெரிஃபோர்டுஷர் மாவட்டத்தில் இருக்கிறேன். வீட்டை விட்டு இறங்கினால் சைடர் ஆப்பிள் தோட்டம்தான். அப்படியிருந்தும் முதல் இரண்டு வருடம் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக் காசைச் செலவழித்தேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே சைடர் என்றால் நொதிக்க வைத்த ஆப்பிள் சாறு, அதாவது மது. அமெரிக்காவில் அதே பெயரில் நொதிக்காத பழச்சாற்றை விற்பார்கள். அந்த நினைப்பில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

லேபிளிலிருந்து ஆரம்பிக்கலாம். பெரும்பாலும் 1946-இல் தொடங்கிய ‘சாயில் அசோசியேஷன்’ முத்திரை இருக்கும். தோட்டத்தில் செயற்கை உரம், களைக்கொல்லி போடவில்லை, உள்ளே போன விளைபொருளில் குறைந்தது 95 சதவீதம் அப்படி விளைந்தது என்று அதற்கு அர்த்தம். நல்ல விஷயம்தான். சாப்பிடுகிற ஆப்பிளை இப்படி விளைவிப்பதை விட சைடர் ஆப்பிளை விளைவிப்பது கொஞ்சம் சுலபம் என்பதையும் சொல்ல வேண்டும். தோலில் சொறி விழுந்தால் கடைக்காரர் சாப்பிடுகிற ஆப்பிளைத் தொடமாட்டார். சைடர் ஆப்பிள் எப்படியும் அரைபடப் போகிறது, அழகு யாருக்கு வேண்டும்? பல தோட்டங்களில் மரத்தை உலுக்கிக் கீழே விழுந்ததைத்தான் வாரிக்கொண்டு போகிறார்கள்.

ஆனால் பாட்டிலுக்குள் எவ்வளவு சாறு இருக்கிறது என்பதை அந்த முத்திரை சொல்லாது. பிரிட்டிஷ் வரிச் சட்டப்படி 35 சதவீதம் ஆப்பிள் சாறு இருந்தாலே அதைச் சைடர் என்று விற்கலாம். மீதி தண்ணீரும் சர்க்கரையுமாக இருக்கலாம், அந்தச் சர்க்கரையும் ஆர்கானிக்காக இருக்கலாம்! 1.2 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருக்கிற பானத்துக்குப் பொருட்பட்டியல் போட வேண்டும் என்கிற கட்டாயமும் கிடையாது. அதனால் நான் முதலில் பின்பக்கத்தைத் திருப்புவேன். ‘100 சதவீதம் சாறு’ என்று இருக்கிறதா, ஆப்பிள் ரகத்தின் பெயர் போட்டிருக்கிறார்களா? நல்ல பழத்துக்குக் காசு கொடுத்தவர் அதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். ‘சல்ஃபைட் உள்ளது’ என்ற வரியைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், கெடாமல் இருக்கப் போடுவது அது. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினாலே அதை எழுத வேண்டும். ஆர்கானிக்கிலும் அதைப் போடலாம், உச்சவரம்புதான் குறைவு.

சரி, போன சனிக்கிழமை திறந்த பாட்டிலுக்கு வருகிறேன். பக்கத்து ஊர்த் தோட்டத்துச் சரக்கு, ஆர்கானிக் முத்திரை போட்டது, அரை லிட்டர், 6.5 சதவீதம், டாபினெட், கிங்ஸ்டன் பிளாக் என்று இரண்டு ரகம். விலை சுமார் நாலு பவுண்டு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் மேஜையில் வைத்தேன். ஜில்லென்று குடித்தால் மணம் அடங்கிவிடும், இனிப்பும் தெரியாது, துவர்ப்பு மட்டும் முள்ளாகக் குத்தும். ஐஸ் போட்டுக் கொடுக்கிற பழக்கம் எதை மறைக்க வந்ததோ, எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஒயின் கிளாஸில் ஊற்றினேன். நாட்டு மருந்துக் கடையில் விற்கிற பழந்தேன் நிறம். வெட்டி வைத்த ஆப்பிள் பழுப்பாகிறதே, அதே வேலைதான் இங்கேயும். பழத்துக்குத் துவர்ப்பைத் தருகிற டானின் காற்றோடு சேர்ந்து கொடுத்த நிறம். அடியில் மெல்லிய வண்டல் இருந்தது. பாட்டிலுக்குள்ளேயே கொஞ்சம் நொதித்து நுரை பிடித்த சைடரில் அப்படித்தான் ஈஸ்ட் படியும், அது குறை இல்லை. கடைசி ஒரு விரற்கடையை மட்டும் ஊற்றாமல் விட்டுவிடலாம்.

மூக்கில் முதலில் வந்தது ஆரஞ்சுத் தோல், அப்புறம் காய்ந்த வைக்கோல், ஓரத்தில் ஒரு கிராம்பு. கிராம்பை யாரும் போடவில்லை. நொதித்து முடிந்தபின் பாக்டீரியாக்கள் புளிப்பை மென்மையாக்கும்போது கூடவே வருகிற வாசனை அது. அளவோடு இருந்தால் அழகு. மிஞ்சினால் மாட்டுத்தொழுவம் ஆகிவிடும். இந்த ஊர்ப் பெரியவர்கள் சிலருக்கு அந்தத் தொழுவ வாடை இல்லாவிட்டால் அது சைடரே இல்லை. எனக்கு அவ்வளவு ஒட்டாது.

வாயில் வைத்ததும் புளிப்பு, பின்னாலேயே லேசான இனிப்பு. அதன்பின் நாக்கின் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தது துவர்ப்பு. இங்கிலாந்துக்காரர்கள் இந்த இடத்தில் சொல் தேடிச் சிரமப்படுவதைப் பார்த்திருக்கிறேன். பிரிஸ்டல் பக்கத்தில் லாங் ஆஷ்டனில் 1903-இல் தொடங்கிய ஆய்வு நிலையத்தில் பார்க்கர் என்பவர் சைடர் ஆப்பிளை நான்கு வகையாகப் பிரித்தார். அமிலம் 0.45 சதவீதத்துக்கு மேலா கீழா, டானின் 0.2 சதவீதத்துக்கு மேலா கீழா, அவ்வளவுதான் கணக்கு. டானின் அதிகம், அமிலம் குறைவு என்றால் ‘பிட்டர்ஸ்வீட்’. டாபினெட் அந்த ஜாதி. இரண்டும் அதிகம் என்றால் ‘பிட்டர்ஷார்ப்’, கிங்ஸ்டன் பிளாக் அதில் வரும். பெயரில் கசப்பு இருக்கிறதே தவிர, வாயில் படுவதில் பாதிக்கு மேல் துவர்ப்புதான். நாவல்பழம் தின்று ஊதா நாக்கை நீட்டிக் காட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கைப்பு வேறு, துவர்ப்பு வேறு என்று அறுசுவையிலேயே பிரித்து வைத்திருக்கிறோம். சைடரை மதிப்பிட உங்களிடம் இருக்கிற பெரிய ஆயுதம் அந்தச் சொல்தான். துவர்ப்பு நாக்கை உலர்த்தி இன்னொரு வாய் கேட்க வைத்தால் நல்ல சைடர். பாக்கை மென்று துப்பிய மாதிரி வாயைக் கட்டிப் போட்டால் பழமோ பக்குவமோ சரியில்லை.

இனி, எதைக் கண்டால் பாட்டிலை ஓரங்கட்டுவது? நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை, காடியின் (வினிகர்) நெடி, அழுகிய முட்டை. முட்டை வாடை சில சமயம் கிளாஸைச் சுழற்றினால் ஓடிவிடும், மற்ற இரண்டும் ஓடாது. இதெல்லாம் மூக்குக்கே தெரிந்துவிடும். திருட்டுத்தனமானது ஒன்று இருக்கிறது, ‘மவுஸ்’ என்பார்கள். எலிப்புழுக்கை வாடை என்றால் நமக்குப் புரியும். முதல் வருடம் ஒரு தோட்டத்து வாசலில் ஆறு பாட்டில் வாங்கி வந்தேன். மோந்தால் அருமை, முதல் மடக்கு அருமை. விழுங்கிப் பத்து இருபது விநாடி கழித்து, பூட்டிக் கிடந்த அரிசிப் பத்தாயத்தைத் திறந்த மாதிரி ஒரு வாடை தொண்டையிலிருந்து ஏறி வந்தது. என் மனைவிக்கு எதுவுமே தெரியவில்லை, நான் நடிக்கிறேன் என்றாள். சைடரின் புளிப்பில் அந்த வேதிப்பொருள் அடங்கிக் கிடக்கும். எச்சில் பட்டுப் புளிப்பு குறைந்ததும்தான் கிளம்பும், சிலருக்குக் கடைசிவரை தெரியவே தெரியாது. இரண்டு சொட்டைப் புறங்கையில் தேய்த்து மோந்து பாருங்கள், பல சமயம் காட்டிக் கொடுத்துவிடும். சல்ஃபைட்டைக் குறைத்துவிட்டு, காற்றுப் படாமல் பார்த்துக்கொள்ளும் கவனத்தையும் சேர்த்துக் குறைத்தால் இது வர வாய்ப்பு அதிகம். ‘இயற்கையானது, அப்படித்தான் இருக்கும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆறு பாட்டிலும் தொட்டியில்தான் போயிற்று.

மதிப்பெண் போடுவதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு இந்த மாவட்டத்திலேயே புட்லி என்ற சின்ன ஊரில் மே மாதம் நடக்கிற போட்டி. அங்கே முதல் சுற்றில் சைடர் செய்கிறவர்களே ஒருவர் சரக்கை ஒருவர் சுவைத்து மதிப்பெண் போடுகிறார்கள். சமையல்காரரைச் சமையல்காரர் ஏமாற்றுவது கஷ்டம் அல்லவா? வீட்டில் நான் வைத்துக்கொண்டிருப்பது இரண்டே கேள்வி. விழுங்கியபின் என்ன மிஞ்சுகிறது? கிளாஸ் சூடேறிய பிறகும் குடிக்க முடிகிறதா?

சனிக்கிழமை பாட்டில் இரண்டிலும் தேறியது. புறங்கைச் சோதனையிலும் ஒன்றுமில்லை. குறை என்றால், நுரை சீக்கிரம் அடங்கிவிட்டது, நடுவில் பழத்தின் சதைப்பற்று கொஞ்சம் போதாது. மட்டன் சுக்காவோடு குடித்தது என் தப்பு, மிளகுக் காரமும் துவர்ப்பும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டு நாக்கு எரிந்தது. மிச்சத்தைச் செடார் பாலாடைக்கட்டியோடு முடித்தபோதுதான் ஆரஞ்சுத் தோல் திரும்பி வந்தது. அந்த அரை லிட்டரில் மூன்றே கால் யூனிட் ஆல்கஹால் (ஒரு யூனிட் என்பது 10 மில்லிலிட்டர் சுத்த ஆல்கஹால்). இங்கே வாரத்துக்கு 14-ஐத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள், அதனால் இரண்டாவதைத் திறக்கவில்லை.

பத்துக்கு ஏழரை கொடுப்பேன் (சனி இல்லை, மதிப்பெண்தான்). நாலு பவுண்டில் ஒரு பவுண்டாவது முத்திரைக்குப் போயிருக்கும். அது இல்லாமலே மூன்று பவுண்டுக்கு இதே பாட்டில் கிடைத்தாலும் வாங்கியிருப்பேன்.