வீட்டிலேயே செய்யும் ஸ்பிரே பூத் எதற்கு, எப்படி வேலை செய்கிறது?

மாடல் விமானம், கார்களுக்கு வண்ணம் அடிப்பவர்கள் வைத்துக்கொள்ளும் ஸ்பிரே பூத் என்பது முன்பக்கம் திறந்த ஒரு பெட்டிதான். பின்சுவரில் வடிகட்டி, அதன் பின்னால் விசிறி, அங்கிருந்து ஜன்னலுக்கு ஒரு குழாய். அடிக்கும் பெயின்ட் முழுவதும் மாடலில் ஒட்டுவதில்லை. மிச்சம் நுண்துளிகளாக மிதந்து மூச்சிலும் காயாத பரப்பிலும் சேரும். மிளகாய் தாளிக்கும் நெடியைச் சமையலறை எக்ஸாஸ்ட் விசிறி இழுப்பதுபோல, பூத் அதை வெளியே தள்ளுகிறது.

விசிறியில்தான் பலரும் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். பெட்டியின் வாயில் காற்று நொடிக்கு அரை மீட்டராவது நகர வேண்டும், 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் என்றால் விசிறி மணிக்குச் சுமார் 490 கன மீட்டர் காற்றை இழுக்க வேண்டும். பழைய கணினி விசிறிக்கு அந்தத் தெம்பு கிடையாது. பெயின்டை நீர்க்கச் செய்யக் கலக்கும் தின்னரின் ஆவி தீப்பற்றக்கூடியது என்பதால், மோட்டார் காற்றோட்டத்துக்கு வெளியே இருக்கும் பிளோயரே நல்லது.

வடிகட்டி இருந்தால் குழாய் தேவையில்லை என்பது தவறு: பஞ்சு வடிகட்டி துளிகளைத்தான் பிடிக்கும், தின்னர் ஆவி அதைக் கடந்து அறைக்கே திரும்பிவிடும்.