தேர்தலில் நிற்கட்டுமா? – ஒரு நர்சிங் மாணவியின் கடிதம்

அன்புள்ள மேடம்,

நான் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் மருத்துவம், பல் மருத்துவம், பிசியோதெரபி, நர்சிங் எல்லாம் ஒரே வளாகம். மாணவர் பேரவையில் நர்சிங்குக்கு ஒரு இடம் உண்டு. போன வருடம் அதற்கு யாரும் மனு கொடுக்கவில்லை. இந்த முறை நான் நிற்கலாம் என்று நினைக்கிறேன். அம்மா வேண்டாம் என்கிறார். "இன்டர்னல் மார்க்கில் கை வைத்துவிடுவார்கள்" என்று தோழிகள் பயமுறுத்துகிறார்கள். எனக்கு மேடையில் பேச வராது. எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து நான் என்ன பேசிவிட முடியும்? நிற்கட்டுமா?

ர.

அன்புள்ள ர.,

தாராளமாக நில்லுங்கள். மனு கொடுக்கிற நாளில் உங்களுக்குப் போஸ்டிங், அதாவது ஆஸ்பத்திரிப் பயிற்சி, இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நர்சிங் பிள்ளைகளுக்கு இதிலெல்லாம் ஆர்வம் கிடையாது என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். பல வருடம் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கும் டியூட்டராக இருந்தவள் நான், அதை ஏற்க மாட்டேன். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி தேர்வு எழுத 80 சதவீத வருகை போதும். ஆனால் பட்டம் வாங்குவதற்குள் கிளினிக்கல் நேரம், அதாவது வார்டுகளில் எடுக்கும் பயிற்சி, 100 சதவீதம் முடிந்திருக்க வேண்டும். காலை பதினொரு மணிக்குப் பேரவைக் கூட்டம் என்றால் உங்கள் வகுப்பில் பாதிப் பேர் அப்போது வார்டில் மருந்து டிரேயோடு நிற்பார்கள். கூட்டத்துக்கு வந்தவர் அந்த நேரத்தை லீவு நாளில் வந்து ஈடுகட்ட வேண்டும். இந்த நிலையில் யார் நிற்பார்கள்? கூட்டங்களை மாலை ஐந்து மணிக்கு மேல் வைக்க வேண்டும் என்பதே உங்கள் முதல் கோரிக்கையாக இருக்கட்டும். நேரம் மாறாவிட்டால் நீங்கள் ஜெயித்தும் பலன் இல்லை.

அடுத்து, எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு நடுவில் என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நோயாளிக்குப் போட்ட ஊசி தவறுதலாக நம் கையில் குத்திவிடுவதைப் பற்றிப் பேசுங்கள். முதல் வருடப் பிள்ளை ஒருத்தி, ஊசியைத் திரும்ப மூடப்போய் விரலில் குத்திக்கொண்டாள். சிஸ்டர் திட்டுவார் என்று பயந்து, பஞ்சைச் சுற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் ரெக்கார்டில் கையெழுத்து வாங்க வந்தபோதுதான் விரலைப் பார்த்தேன். குத்திய உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியும் இருக்கிறாள். யாரிடம் போய்ச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்தால் தடுப்பு மருந்தை முடிந்தவரை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 72 மணி நேரம் தாண்டிவிட்டால் தொடங்கிப் பயனில்லை. அவள் பயத்திலேயே பாதி நாளைக் கழித்திருந்தாள்.

உங்கள் வளாகத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு ஊசி குத்தினால் எந்த நம்பருக்கு அழைக்க வேண்டும்? செலவு யாருடையது? வகுப்பில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் ஆளுக்கு ஒன்றாக இருந்தால் உங்களுக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. அந்த மூன்றாவதுதான் செமஸ்டர் லீவிலும் போஸ்டிங் மாற்றத்திலும் விட்டுப்போகும். யார் யார் மூன்றும் போட்டிருக்கிறார்கள், போட்ட பிறகு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று டெஸ்ட் எடுத்தவர்கள் யார் என்று வகுப்புவாரியாகக் கணக்கெடுங்கள். யாருடைய விவரத்தையும் அவர்கள் சம்மதமில்லாமல் பெயரோடு வெளியே காட்டாதீர்கள். கணக்கு மட்டும் போதும். பல் மருத்துவ மாணவர்களுக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் இதே ஊசிதான் குத்துகிறது. நீங்கள் எழுந்து இதைப் பேசினால் அவர்களும் உங்கள் பக்கம் வருவார்கள்.

பேச்சு வராதது பெரிய குறையே இல்லை. ஷிப்ட் மாறும்போது ஒரு நோயாளியைப் பற்றி விட்டுப்போகாமல், கூட்டிச் சொல்லாமல் அடுத்தவரிடம் ஒப்படைக்கிறீர்களே, அதே மாதிரி பேசுங்கள். பேரவைக்கு அதுவே போதும்.

தேர்தல் விதிகளையும் படித்துவிடுங்கள். மாணவர் தேர்தல்களைப் பற்றி ஆராய்ந்த லிங்டோ குழுவின், 2006-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற பரிந்துரைகள்தான் இதற்கு அடிப்படை. அரியர் இருக்கக் கூடாது. 75 சதவீத வருகை, அல்லது உங்கள் பல்கலைக்கழகம் கேட்கிற அளவு, எது அதிகமோ அது வேண்டும். ஒரு வேட்பாளரின் செலவுக்கு 5,000 ரூபாய் உச்சவரம்பு. அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான். ஓ.பி.யில் சுகாதாரக் கல்விக்கு சார்ட் எழுதி எழுதிப் பழகிய உங்களுக்கு இது சாதகம்.

இன்டர்னல் மார்க் பயம் வெறும் வதந்தி என்று நான் சொல்ல மாட்டேன். எல்லா இடத்திலும் நடப்பதில்லை, ஆனால் நடக்கிற இடங்கள் இருக்கின்றன. அதனால் லாக் புக், கேர் பிளான், கேஸ் ஸ்டடி எல்லாவற்றிலும் அன்றன்றைக்கே கையெழுத்து வாங்கி, போனில் படம் எடுத்து வையுங்கள். எந்த மனுவையும் தனியாகக் கொடுக்காதீர்கள், நான்கு வருட வகுப்புப் பிரதிநிதிகளும் கையெழுத்துப் போட்டிருக்கட்டும். பேரவையில் எழுப்புவதற்கு முன்னால் பிரின்சிபால் மேடத்திடம் ஒரு நகல் போகட்டும். தன் கல்லூரி விஷயத்தை வெளியாள் வாயால் கேட்க எந்தப் பிரின்சிபாலுக்கும் பிடிக்காது.

எஸ்.என்.ஏ. இருக்கிறதே, அது போதாதா என்றும் கேட்பார்கள். மாணவச் செவிலியர் சங்கம் 1929-லிருந்து இருக்கிறது, எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. ஆனால் ஹாஸ்டல், பஸ், டியூட்டி உடை மாற்ற ஓர் அறை இதெல்லாம் முடிவாவது பல்கலைக்கழகத்தில். இன்றைக்கும் பல ஆஸ்பத்திரிகளில் மாணவிகளின் பைகள் மாடிப்படிக்குக் கீழேதான் கிடக்கின்றன. ஆண் மாணவர்களுக்கு அந்த இடம்கூட இல்லை. அவர்கள் எண்ணிக்கை குறைவு என்பதால் நீங்கள்தான் அவர்களுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இன்னொன்று, முக்கியமானது. பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்புகார்க் குழுவில், மாணவர் சம்பந்தப்பட்ட விஷயமென்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள் மூவர் இருக்க வேண்டும் என்பது யு.ஜி.சி.யின் 2015 விதி. ராத்திரி டியூட்டி பார்க்கும் பெண்கள் நிறைய உள்ள கல்லூரி உங்களுடையது. அந்த மூவரில் உங்கள் கல்லூரியிலிருந்து யாராவது இருக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

அம்மாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டலாம். படிப்பு கெடும் என்பதுதான் அவர் பயமாக இருக்கும். எட்டாம் செமஸ்டரில் இன்டர்ன்ஷிப் வந்துவிட்டால் வாரம் 48 மணி நேர டியூட்டி, அப்போது உங்களால் முடியாது. அதனால் இரண்டாம் ஆண்டில் ஒருவரை இப்போதே கூட்டங்களுக்கு அழைத்துப் போய்ப் பழக்குங்கள். முடிவு தெரிந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்.