பொம்பெயி கேசட்டை மறுபடி பார்க்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இத்தாலியின் பழைய ரோமானிய நகரமான பொம்பெயியில், ரசிகர்களே இல்லாத அரங்கத்தில் பிங்க் ஃபிளாய்டு ராக் குழு வாசித்த கச்சேரிப் படத்தைத் தேய்ந்துபோன வீடியோ கேசட்டில் பார்த்து மயங்கியவன் நான். 2025இல் அதைப் புதுப்பித்து ப்ளூரேயாக வெளியிட்டிருக்கிறார்கள். வாங்க ஆசைதான். ஆனால் பழைய மயக்கம் கலைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தயங்காமல் வாங்குங்கள். கேசட்டில் உங்களுக்குக் கிடைத்தது வெயில் நிறத்தில் ஒரு மூட்டம், கல் படிகள், நடுவே நான்கு உருவங்கள். அதிலேயே நீங்கள் மயங்கினீர்கள் என்றால், அந்த நால்வரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதைப் பார்க்கும்போது இன்னும் நெருங்கிவிடுவீர்கள். குழுவின் சேமிப்பறையில், பெயர் சரியாக எழுதப்படாத ஐந்து டப்பாக்களில் அசல் 35 மி.மீ. நெகட்டிவ் கிடைத்தது. அதிலிருந்துதான் இந்தப் பதிப்பைச் சட்டகம் சட்டகமாக மீட்டிருக்கிறார்கள். ஒலிக்கலவையைப் புதிதாகச் செய்தவர் ஸ்டீவன் வில்சன்.

எனக்கு இந்தப் படம் என்றால் முதலில் கீபோர்டு வாசிக்கும் ரிச்சர்ட் ரைட்தான். ‘எக்கோஸ்’ பாட்டின் தொடக்கத்தில் சொட்டுச் சொட்டாக விழுமே ஒரு ஸ்வரம், அது பியானோவின் ஒற்றைக் கட்டை. சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக அதை அனுப்பியதால் அப்படி ஒலிக்கிறது. அது ஒலிக்க, கேமரா எங்கோ தூரத்திலிருந்து அவசரமே இல்லாமல் அரங்கத்தின் நடுவை நோக்கி நெருங்குகிறது. கேசட்டில் அந்தத் தூரக் காட்சியில் மனிதர்கள் இருப்பதே சட்டென்று தெரியாது. இப்போது தெரிகிறது. அப்புறம் கிட்டார்க்காரர் டேவிட் கில்மரும் ரைட்டும் சேர்ந்து பாடும் இடம். எந்தக் குரல் எவருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ரைட் 2008இல் காலமானார். அவருடைய அடக்கமான வாசிப்பை இவ்வளவு பக்கத்தில் காட்டும் பதிவு இது என்பதற்காகவே இந்த வட்டை நான் பத்திரமாக வைத்திருப்பேன்.

ஒரு யோசனை. முதல் முறை ஹெட்போன் போட்டுக்கொண்டு, இடையில் நிறுத்தாமல் பாருங்கள். இசைத்தட்டில் 23 நிமிடம் ஓடும் ‘எக்கோஸ்’ படத்தில் இரண்டாக வெட்டப்பட்டு, ஒரு பாதி தொடக்கத்திலும் மறு பாதி முடிவிலும் வருகிறது. நடுவில் எழுந்து போனால் அந்த இரண்டு பாதிகளும் உங்களுக்குள் சேராது.

கேள்வி: என்னிடம் 2003இல் வந்த ‘இயக்குநர் பதிப்பு’ டிவிடி இருக்கிறது. அது போதாதா?

பதில்: போதாது. இந்தப் படத்தை எடுத்த ஏட்ரியன் மேபன் அருமையான இயக்குநர். இருந்தாலும் அந்தப் பதிப்பில் அவர் சேர்த்த கம்ப்யூட்டர் வரைகலைக் காட்சிகளை என்னால் ஏற்க முடியவில்லை. கிரகங்கள் சுழல்கின்றன, இடிந்த நகரம் கணினியில் எழுந்து நிற்கிறது. நால்வர் வாசிக்கும்போது நான் அவர்களைத்தான் பார்க்க வேண்டும். நல்ல வேளை, அதே டிவிடியில் ஒரு மணி நேர மூலப் படமும் கூடுதலாக இருக்கிறது. புது வட்டு வரும்வரை அதைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ரசிகர்களே இல்லாமல் ஏன் எடுத்தார்கள்? பணம் இல்லையா?

பதில்: பணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. யோசனையே அதுதான். 1970இல் வுட்ஸ்டாக் இசைவிழாவைப் பற்றிய படம் வந்தபின் கச்சேரிப் படம் என்றாலே பெருங்கூட்டம் என்றாகிவிட்டது. பாடுகிறவர்களுக்குச் சமமாகச் சேற்றில் ஆடுகிறவர்களையும் காட்டினார்கள். மேபன் நேர் எதிர்த்திசையில் போனார். சுற்றுலாப் பயணியாக பொம்பெயிக்குப் போனவர், தொலைந்துபோன பாஸ்போர்ட்டைத் தேடி மாலையில் திரும்பவும் அரங்கத்துக்குள் நுழைந்திருக்கிறார். ஆளில்லாத அந்த நிசப்தத்தில்தான், இங்கேதான் இவர்கள் வாசிக்க வேண்டும் என்று தோன்றியதாம்.

அது கி.மு. 70 வாக்கில் கட்டிய அரங்கம். கல்லில் கட்டி இன்றுவரை நிற்கும் ரோமானிய அரங்கங்களில் மிகப் பழையது. சுமார் 20,000 பேர் உட்காரலாம். கி.பி. 59இல் உள்ளூர்க்காரர்களும் பக்கத்து ஊர் நுகேரியாக்காரர்களும் அங்கேயே அடித்துக்கொண்டு உயிர்கள் போனதால், பத்தாண்டுகளுக்கு அங்கே விளையாட்டுகள் கூடாது என்று ரோம் தடை போட்டது. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து ஊரையே சாம்பலில் மூடியது. கூட்டத்தின் கூச்சலுக்காகவே கட்டிய இடம், கூட்டமே இல்லாமல் இருக்கிறது என்பது தெரிந்து பார்த்தால் படத்தில் வரும் ‘எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்’ உருப்படி வேறு மாதிரி கேட்கும். பேஸ் கிட்டார்க்காரர் ரோஜர் வாட்டர்ஸ் அந்தப் பெரிய காங்கை (தொங்கும் உலோகத் தட்டை) அடிக்கிறாரே, அந்த அடி போய் விழுவது காலிப் படிகளின்மேல்.

படப்பிடிப்பு 1971 அக்டோபர் தொடக்கத்தில் நடந்தது. கருவிகளுக்குப் போதுமான மின்சாரம் அரங்கத்தில் இல்லை. ஊருக்குள்ளிருந்து தெருக்கள் வழியாக நீளமாகக் கேபிள் இழுத்துவந்து சேர்ப்பதற்குள் விலைமதிப்பில்லாத நாட்கள் போய்விட்டன. பதிவை ஓடவிட்டு வாயசைப்பதற்குக் குழு சம்மதிக்கவில்லை, நேரடியாக வாசிப்போம் என்று நின்றது. அந்தப் பிடிவாதத்துக்கு நான் என்றும் நன்றியோடு இருக்கிறேன். ஆக, பொம்பெயியில் எடுக்க முடிந்தது மூன்று பாட்டுகள்தான். மீதியைப் பாரிஸ் ஸ்டுடியோவில் எடுத்தார்கள். ரைட்டின் முகத்தைக் கவனியுங்கள்: தாடி இருந்தால் பொம்பெயி, இல்லாவிட்டால் பாரிஸ்.

கேள்வி: அந்த நாய் பாடும் காட்சி தேவைதானா?

பதில்: எனக்குப் பிடிக்கும். போர்சாய் இன நாய், பெயர் நோப்ஸ். கில்மர் மவுத் ஆர்கன் ஊத, வாட்டர்ஸ் கிட்டார் வாசிக்க, ரைட் மைக்கைப் பிடித்துக்கொள்ள, அது முழு மனதோடு ஊளையிடுகிறது. பிடிக்காதவர்கள் அந்த இரண்டு நிமிடத்தைத் தாண்டிவிடலாம், படத்துக்கு நஷ்டமில்லை.

கேள்வி: பழைய கச்சேரி கேசட்டுகளோடு சேர்ந்து கிட்டார் வாசித்தால் ஸ்ருதி சேர மாட்டேன் என்கிறது. இசைத்தட்டோடு சேருகிறது. என் காதில் கோளாறா?

பதில்: உங்கள் காது நன்றாகவே இருக்கிறது. சினிமாவுக்கான படம் வினாடிக்கு 24 சட்டகம். இந்தியாவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இருந்த பால் (PAL) முறைத் தொலைக்காட்சி வினாடிக்கு 25. அதனால் பால் கேசட்டிலும் டிவிடியிலும் பல படங்களைச் சற்றே வேகமாக ஓட்டிப் பதிந்தார்கள். நூற்றுக்கு நான்கு பங்கு வேகம் கூடுகிறது. கண்ணுக்கு அது தெரியாது. ஸ்ருதியோ முக்கால் அரைஸ்வரம்போல மேலே ஏறிவிடுகிறது, கிட்டார்க்காரருக்கு அது எரிச்சல்தான். பிளேயரின் மோட்டார், நாடாவின் தளர்ச்சி இரண்டும் தங்கள் பங்குக்கு ஆட்டம் காட்டும். ப்ளூரேயில் 24 சட்டகமாகவே பதிய முடியும் என்பதால் இந்த வேகக் கோளாறுக்கு அங்கே அவசியம் இல்லை. கேசட்டோடுதான் வாசிப்பேன் என்றால், கம்பிகளைப் படத்துக்குத் தக்கபடி கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதியது வாங்கியபின் கேசட்டைத் தூக்கிப் போடலாமா?

பதில்: வேண்டாம். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் மட்டும் பிளேயரில் போடாதீர்கள், பிளேயரின் ஹெட்டும் கெட்டுவிடும். மற்றபடி ஈரமும் வெயிலும் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். பிளேயர் வேலை செய்யும்போதே கணினியில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ‘ஒன் ஆஃப் தீஸ் டேஸ்’ முழுக்க ட்ரம்ஸ்காரரையே காட்டுகிறார்களே, ஏன்?

பதில்: மற்றவர்களைப் படம் பிடித்த ரீல்கள் பெரும்பாலும் தொலைந்துபோயின. நமக்குக் கிடைத்தது ட்ரம்ஸ்காரர் நிக் மேசன். நடுவில் ஒரு குச்சி கையை விட்டுப் பறக்கிறது. அவர் தாளத்தை விடாமலே அடுத்த குச்சியை எடுத்துவிடுகிறார். புதிய பிரதியில் அந்த நொடி பளிச்சென்று தெரிகிறது. மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: இதே காலத்து ப்ராக்ரசிவ் ராக் கச்சேரி வேறு என்ன பார்க்கலாம்?

பதில்: யெஸ் குழு 1972 டிசம்பரில் லண்டன் ரெயின்போ அரங்கில் வாசித்தது ‘யெஸ்ஸாங்ஸ்’ என்ற படமாக 1975இல் வந்தது. படமும் ஒலியும் சுமார்தான், வாசிப்பு அபாரம். சில மாதங்களுக்கு முன்தான் ட்ரம்ஸுக்கு வந்திருந்த ஆலன் வைட், ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ போன்ற சிக்கலான உருப்படியைத் தாங்கிப் பிடிப்பதைப் பாருங்கள். அடுத்து ஜெனசிஸ், 1973 அக்டோபரில் ஷெப்பர்டன் ஸ்டுடியோவில், அழைத்துவந்த சிறு கூட்டத்தின் முன் வாசித்தது. பாடகர் பீட்டர் கேப்ரியலின் வேடங்களையும் முகபாவங்களையும் அவ்வளவு பக்கத்தில் பார்க்கக் கிடைப்பது அரிது. 2008இல் வந்த 1970–75 தொகுப்புப் பெட்டியில் அந்தப் பதிவும் இருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் ஜெனசிஸை முதலில் பாருங்கள்.