வடிதாளிலிருந்து சட்டம் வரை: வாசகர் கேள்விகள்

கேள்வி: வேதியியலில் முதுநிலை முடித்திருக்கிறேன். சுற்றுச்சூழல் ஆய்வுக்கு வர, அந்தப் பெயரிலேயே இன்னொரு பட்டம் வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஓசோன் சிக்கலை முதலில் எழுப்பிய ரோலண்டும் மோலினாவும் வேதியியலாளர்கள். பெட்ரோல் ஈயத்தின் பரவலைக் காட்டிய கிளேர் பேட்டர்சன் புவிவேதியியலாளர். உங்களிடம் வேதியியல் இருக்கிறது, அதோடு புள்ளியியலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கான கணினி மொழிகளில் ஆர் அல்லது பைத்தான், இரண்டில் ஒன்று போதும்.

புள்ளியியல் ஏன் என்றால், இந்த வேலையில் பாதி நாள் அரைகுறைத் தரவோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கருவியின் கண்டறியும் வரம்புக்குக் கீழே வந்த அளவுகளைப் பூஜ்யம் என்று போட்டால் சராசரி இறங்கிவிடும், நீக்கிவிட்டால் ஏறிவிடும். இதற்கென்று தனி முறைகள் உண்டு. எதைக் கையாண்டாலும் அதைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.

கேள்வி: காற்று மாசை இயந்திரம்தானே அளக்கிறது? அதில் விஞ்ஞானிக்கு என்ன வேலை?

இயந்திரம் காற்றை உறிஞ்சும், அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் இருப்பதெல்லாம் ஆள் வேலை. பி.எம். 2.5 என்னும், 2.5 மைக்ரானுக்கு மிகாத நுண்துகளையே எடுத்துக்கொள்வோம். 47 மில்லிமீட்டர் விட்டமுள்ள டெஃப்லான் வடிதாள் வழியாக நிமிடத்துக்கு 16.67 லிட்டர் வீதம் 24 மணி நேரம் காற்று போகிறது. மொத்தம் 24 கன மீட்டர். தாளின் எடை 600 மைக்ரோகிராம் கூடியிருந்தால், காற்றில் கன மீட்டருக்கு 25 மைக்ரோகிராம் தூசி. அந்த 600 மைக்ரோகிராம் என்பது தூள் உப்பில் ஏறத்தாழ பத்துத் துகள்! அதை நம்பித்தான் ஓர் ஊரின் காற்று கெட்டதா இல்லையா என்று சொல்லப்போகிறோம்.

எடை போடும் முன் தாளை 20 முதல் 23 டிகிரி வெப்பத்திலும், 30 முதல் 40 சதவீத ஈரப்பதத்திலும் குறைந்தது 24 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். எடுத்து வந்த பிறகும் அப்படியே. இரண்டு தடவையும் ஈரப்பதம் ஒத்துப்போகவில்லை என்றால், தூசி குடித்த தண்ணீரையும் சேர்த்து எடை போட்டவர்களாவோம். டெஃப்லானில் நிலைமின்னேற்றம் சீக்கிரம் ஏறும். அதை நீக்காமல் தராசில் வைத்தால் எண் நிலைகொள்ளாமல் ஓடிக்கொண்டே இருக்கும். வெயிலில் நின்ற வண்டியில் தாளை வைத்துவிட்டால் அம்மோனியம் நைட்ரேட் ஆவியாகி, மாசு குறைந்துவிட்டது போலத் தெரியும். காற்றோட்டம் குறைந்தால் இன்னொரு வம்பு: துகளைப் பிரிக்கும் பகுதியில் வெட்டளவு (உள்ளே விடும் துகளின் உச்ச அளவு) மாறி, 2.5 மைக்ரானைவிடப் பெரிய துகள்களும் உள்ளே வந்துவிடும்.

இவற்றையெல்லாம் காட்டிக்கொடுப்பது 'வெற்றுத் தாள்'. களத்துக்குக் கொண்டுபோய், கருவியில் பொருத்தி, காற்று இழுக்காமலேயே திரும்பக் கொண்டுவரும் தாள் அது. அதில் 30 மைக்ரோகிராம் ஏறியிருந்தால் உங்கள் கணக்கில் கன மீட்டருக்கு 1.25 மைக்ரோகிராம் கூடுதல். உலக சுகாதார அமைப்பு 2021-இல் சொன்ன ஆண்டுச் சராசரி வழிகாட்டு அளவே 5தான். கால்வாசி பிழை அங்கேயே வந்துவிட்டது. வெற்றுத் தாள் விவரம் இல்லாத அறிக்கையை நாங்கள் மேற்கொண்டு படிப்பதில்லை.

கேள்வி: என் கட்டுரை வெளியாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அரசு கண்டுகொள்ளவே இல்லை. என்ன செய்ய?

மூன்று ஆண்டுகள் அதிகமில்லை. குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோனைத் தின்னும் என்று ரோலண்டும் மோலினாவும் எழுதியது 1974-இல். அண்டார்டிகாவின் ஹேலி நிலையத்தில் வசந்தகால ஓசோன் சரிந்ததை ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் வெளியிட்டது 1985-இல். அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது 1987-இல், நடைமுறைக்கு வந்தது 1989-இல். சரிவைக் காட்டியது பழைய தரைக் கருவி ஒன்றின் இடைவிடாத பதிவு. அந்தக் காலத்துச் செயற்கைக்கோள் மென்பொருளோ 180 டாப்சன் அலகுக்கு (ஓசோனின் அளவைச் சொல்லும் அலகு) கீழே வந்தவற்றைச் சந்தேக அளவீடுகள் என்று குறியிட்டுக்கொண்டிருந்தது.

சும்மா காத்திருக்கவும் வேண்டாம். பல நாடுகளில் புதிய விதியின் வரைவை வெளியிட்டு, கருத்துச் சொல்லக் காலக்கெடு கொடுப்பார்கள். அப்போது கட்டுரையை அப்படியே அனுப்பினால் யாரும் படிக்கமாட்டார்கள். எந்த உட்பிரிவு, அதில் எந்தச் சொல் அல்லது எண் மாற வேண்டும், மாற்றிய வாசகம் என்ன, ஆதாரமாக ஒரே ஒரு அட்டவணை. இப்படி அனுப்புங்கள். கெடு முடிந்த மறுநாள் போனால் எவ்வளவு நல்ல ஆய்வானாலும் பயனில்லை.

கேள்வி: அமைச்சகத்தில் இரண்டு பக்கக் குறிப்பு கேட்கிறார்கள். 180 பக்க ஆய்வேட்டை எப்படிச் சுருக்குவது?

சுருக்கவே வேண்டாம், புதிதாக எழுதுங்கள். முதல் மூன்று வரிக்குள் மூன்று விஷயம் வந்துவிட வேண்டும்: எடுக்க வேண்டிய முடிவு எது, ஆதாரம் என்ன சொல்கிறது, அது எவ்வளவு உறுதி. பிறகு வழிகள். ஒவ்வொன்றுக்கும் செலவு யாருக்கு, பலன் எப்போது தெரியும், அதை யார் அளப்பார்கள் என்று எழுதுங்கள். 'எதுவும் செய்யாமல் விடுவது' என்பதும் ஒரு வழிதான். அதற்கும் செலவு உண்டு, அதையும் போடுங்கள்.

உறுதியைச் சொல்லும் சொற்களில் கவனம் தேவை. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 'வாய்ப்பு உண்டு' என்றால் 66 சதவீதத்துக்கு மேல், 'மிகவும் வாய்ப்பு உண்டு' என்றால் 90 சதவீதத்துக்கு மேல் என்று வரையறுத்தே எழுதுகிறது. நீங்களும் பக்கத்தில் எண்ணைப் போட்டுவிடுங்கள்.

குறிப்புகள் அதிகம் சறுக்குவது சராசரிக் காலத்தில். ஒரு வாரம் அளந்த 24 மணி நேர அளவுகளை ஆண்டு வரம்போடு ஒப்பிட்டு 'ஏழு மடங்கு' என்று எழுதுவார்கள். உலக சுகாதார அமைப்பின் 24 மணி நேர அளவு 15 மைக்ரோகிராம். அதையும் ஆண்டில் மூன்று, நான்கு நாட்கள் தாண்டலாம். எதிர்த் தரப்பில் ஒருவர் இதைக் கண்டுபிடித்தால் போதும், மீதி இரண்டு பக்கத்தையும் எவரும் நம்பமாட்டார்கள்.

'மேலும் ஆய்வு தேவை' என்று மட்டும் முடிக்காதீர்கள். எதை, எத்தனை மாதம் அளந்தால் எந்த முடிவு மாறும் என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.

கேள்வி: அரசுத் துறைக்கு இரண்டு ஆண்டு அயற்பணியில் அழைப்பு வந்திருக்கிறது. போனால் ஆய்வுக்குத் திரும்ப முடியுமா?

முடியும். அங்கே திரட்டும் தரவு யாருக்குச் சொந்தம், அதை வைத்துக் கட்டுரை வெளியிட அனுமதி உண்டா என்பதை மட்டும் போகும் முன்னரே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் கட்டுரைகள் குறையும், அதைப் பிறகு ஈடுகட்டிக்கொள்ளலாம். நீண்டகாலமாக நடக்கும் அளவீடு ஏதும் உங்கள் பொறுப்பில் இருந்தால், அதை ஆள் வைத்து ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஹவாயின் மௌனா லோவாவில் கீலிங் 1958-இல் தொடங்கிய கரியமில வாயு அளவீடு, 1964-இல் நிதித் தட்டுப்பாட்டால் சிறிது காலம் நின்றுபோனது. அந்த மாதங்களின் இடம் அந்தத் தொடரில் இன்றும் காலியாகவே கிடக்கிறது.