முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு ஓடும் பழைய டிராக் கார்கள்: இது பந்தயமா, சர்க்கஸா?

யாரோ அனுப்பிய அரை நிமிட வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் இப்படிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கைப்பேசித் திரையில் பார்த்தால் சர்க்கஸ்தான், மறுக்கவில்லை. ஆனால் சர்க்கஸ் என்றால் மட்டமா?

முதலில் ஒன்று. இதை யாரும் வேடிக்கைக்காகத் தொடங்கவில்லை. 1960களின் நடுவில் அமெரிக்காவில் டாட்ஜ் ஏ-100 என்ற சின்னப் பிக்கப் வண்டியில், ஓட்டுநருக்குப் பின்னால், ஹெமி என்ற 426 கன அங்குலப் பெரிய இன்ஜினை வைத்தார்கள். ஏறக்குறைய ஏழு லிட்டர். நேர்ப் பாதையில் கால் மைல் தூரத்தை வேகமாகக் கடக்க வேண்டும், டிராக் (drag) பந்தயம் என்பது அதுதான், அவ்வளவுதான் நோக்கம். பாரம் முழுக்கப் பின்னால் போனதால் டயர் தரையை விடாமல் கவ்வியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி எழுந்து நின்றுவிட்டது. கூட்டம் அதையே மறுபடி கேட்டது. அதுதான் ‘லிட்டில் ரெட் வேகன்’. பில் ‘மேவரிக்’ கோல்டன் அதைப் பல ஆண்டுகள் ஊர் ஊராகக் கொண்டுபோய் ஓட்டினார். ஹர்ஸ்ட் நிறுவனத்தின் ‘ஹெமி அண்டர் கிளாஸ்’ பிளிமத் பாராகுடாவும் அதே காலத்துக் கார்தான். பில் ஷ்ரூஸ்பெரிக்குப் பிறகு அதை ஓட்டியவர் பாப் ரிகிள்.

என் மாமனார் மன்னார்குடிப் பக்கம் விவசாயி. எங்களிடம் வந்திருந்தபோது கலிஃபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு வடக்கே இருக்கும் ஃபமோசோ பந்தய ஓடுதளத்துக்கு அழைத்துப் போனேன். “வயதானவரை வெயிலில் கொண்டுபோய் வைத்து என்ன காட்டப்போகிறாய்?” என்று வீட்டில் ஒரே பேச்சு. அன்று ஒரு வீல்ஸ்டாண்டர் (முன்சக்கரம் தூக்கி ஓடும் காருக்கு அதுதான் பெயர்) எழுந்து, பின்பக்கம் தரையில் உரசித் தீப்பொறி பறக்க, எங்கள் முன்னால் போயிற்று. நான் கைதட்டிக்கொண்டிருந்தேன். அவர் தட்டவில்லை. “முன்சக்கரம் தரையிலேயே இல்லையே, எப்படித் திருப்புகிறான்?” என்றார்.

பிறகு வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனோம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கதவுக்குள் எட்டிப் பார்த்தார். பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிரேக், அதற்குத் தனித்தனி நெம்புகோல். “நம் டிராக்டர்தான் மாப்பிள்ளை! சேற்றில் முன்பக்கம் தூக்கினால் நாமும் ஒருபக்க பிரேக்கை மிதித்துத்தானே திருப்புகிறோம்?” என்றார். இத்தனை வருடம் கார் பத்திரிகை படித்த எனக்கு அது தோன்றியதே இல்லை. எதிரே வானத்தைத் தவிர எதுவும் தெரியாத நிலையில், பாதையின் ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே அந்த நெம்புகோல்களை இழுக்க வேண்டும். இது திறமை இல்லை என்பவர்கள் வயலில் ஒருமுறை டிராக்டரைத் திருப்பிப் பார்க்கட்டும்.

உடனே யாராவது 2016 வீடியோவைக் கொண்டுவந்து ஒட்டுவீர்கள். தெரியும். ரிகிள் ஓட்ட, தொலைக்காட்சிப் பிரபலம் ஜே லெனோ பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கலிஃபோர்னியாவின் இர்விண்டேலில் ‘ஹெமி அண்டர் கிளாஸ்’ உருண்டது. இருவரும் பெரிய காயமின்றி வெளியே வந்தார்கள். ஆபத்து இல்லை என்று நான் சொல்லவே இல்லை. காருக்குள் பாதுகாப்புக் கூண்டும் இருக்கைப் பட்டையும் எதற்கு இருக்கின்றன? பெட்ரோல் வீண் என்றும் ஒருவர் வருவார். அவர் ஆண்டுக்கு எத்தனை முறை விமானம் ஏறுகிறார் என்று எழுதிவிட்டு வரட்டும்.

உண்மையில் இந்தக் கார்களுக்குப் பகை ஆபத்தல்ல, அண்டை வீட்டுக்காரர்கள். லாஸ் ஏஞ்சலஸில் 1955இல் திறந்த லயன்ஸ் பந்தய ஓடுதளத்தை 1972 டிசம்பரில் மூடினார்கள். சத்தம் பற்றிய புகார்கள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். எங்கள் குடியிருப்புச் சங்கமும் அதே ரகம். என் பழைய காரை ஞாயிறு பகலில் ஸ்டார்ட் செய்தால் கடிதம் வருகிறது. அவர்கள் அமர்த்திய ஆட்கள் காலை ஏழு மணிக்கு இலை ஊதும் இயந்திரத்தை ஜன்னலுக்கு அடியில் அலறவிடுகிறார்களே, அதற்கு எந்தக் கடிதமும் இல்லை. கேட்டால் “அது பராமரிப்பு” என்கிறார்கள். நான் செய்வதும் பராமரிப்புதான்!

சரி, கேள்விக்கு வருகிறேன். பந்தயத்துக்குப் பிறந்து, காட்சிக்கு வாழ்க்கைப்பட்ட கார்கள் இவை. சின்ன ஓடுதளங்கள் தனியாகப் பணம் கொடுத்து இவற்றை வரவழைத்தன. இவை வந்தால் கூட்டம் சேரும், அதனால்தான்.

நீங்கள் கலிஃபோர்னியாவில் இருந்தால் ஃபமோசோவில் ஆண்டுதோறும் நடக்கும் ‘மார்ச் மீட்’ டிராக் பந்தயத்துக்குப் போங்கள். பழைய பாணி கார்கள் நிறைய வரும். வீல்ஸ்டாண்டர் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காதடைப்பான் அவசியம். நைட்ரோமீத்தேன் என்ற பந்தய எரிபொருளின் புகை கண்ணை எரிக்கும். புறப்படும் கோட்டருகே எல்லோரும் முண்டியடிப்பார்கள், அங்கே நிற்காதீர்கள். பாதி தூரத்தில் உட்காருங்கள். எழுந்து நிற்பதைவிட, முன்பக்கத்தை நொறுங்காமல் இறக்குவதில்தான் ஓட்டுநரின் கை தெரியும்.