விரல் நுனிகளும் ஹெவி மெட்டலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் மறைந்த செய்தியைப் படித்த பிறகுதான் அவருடைய பிளாக் சபத் ராக் குழுவைக் கேட்கத் தொடங்கினேன். அதன் கிதார் கலைஞர் டோனி அயோமி தொழிற்சாலை விபத்தில் விரல் நுனிகளை இழந்தார், வலி தாளாமல் தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார், அந்தக் கனத்த ஒலியிலிருந்தே ஹெவி மெட்டல் பிறந்தது என்று பார்க்கும் காணொளிகளில் எல்லாம் சொல்கிறார்கள். ஒரு விபத்திலிருந்து ஓர் இசைவகையே பிறந்துவிடுமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

விபத்து உண்மை. 1965இல், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துத் தகரத் தொழிற்சாலை ஒன்றில், அன்றோடு வேலையை விட்டுவிட்டு இசைக்குழுவுடன் கிளம்பவிருந்த 17 வயது அயோமியை, வேலைக்கு வராத வேறொருவரின் இயந்திரத்தில் நிற்கச் சொன்னார்கள். இயந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைக் கொண்டுபோய்விட்டது. அவர் இடக்கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்தும் கை அதுதான். சோர்ந்து கிடந்தவருக்கு, தீயில் இரண்டு விரல்கள் முடங்கிய பின்னும் கிதாரில் மேதையாக விளங்கிய ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டியவர் அந்தத் தொழிற்சாலையின் மேலாளர். அயோமி பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி உருட்டி, விரலுக்கு ஏற்றபடி தேய்த்து, பழைய தோல் சட்டையிலிருந்து வெட்டிய துண்டை மேலே ஒட்டிக்கொண்டு வாசித்தார். மெல்லிய கிதார் தந்திகள் கடைகளில் கிடைக்காத காலம் என்பதால் பாஞ்சோ என்ற வேறொரு தந்தி வாத்தியத்தின் தந்திகளை வாங்கி மாட்டினார்.

ஆனால் நீங்கள் கேட்ட கதையில் காலக்கணக்கு இடிக்கிறது. தந்தியைத் தளர்த்திச் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கியது 1971இல் வந்த மூன்றாவது இசைத்தொகுப்பில். குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் தொகுப்பு 1970 பிப்ரவரி 13 அன்று, ஒரு வெள்ளிக்கிழமை, வெளிவந்தது. அதே ஆண்டில் இரண்டாவதான ‘பாரனாய்ட்’ வந்தது. இரண்டும் வழக்கமான சுருதியில் வாசிக்கப்பட்டவை. கேட்டவர்களை உறையவைத்த கனம் அவற்றிலேயே முழுமையாக இருக்கிறது. ஆக, அதன் காரணத்தைத் தந்தியின் தளர்ச்சிக்கு வெளியேதான் தேட வேண்டும்.

முதல் தொகுப்பின் முதல் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். மழை, தேவாலய மணி, பிறகு மூன்றே சுரங்கள்: சட்ஜம், மேல்சட்ஜம், பிரதி மத்திமம். கல்யாணி ராகத்தில் ஊறிய நம் காதுக்குப் பிரதி மத்திமம் அச்சமூட்டும் சுரம் அல்ல. பஞ்சமத்தைத் தொட்டுக்கொண்டு இனிமையாகவே வரும். இங்கோ அது இறங்க இடம் இல்லாமல் தனியே நின்று நடுங்குகிறது, அடுத்த சுற்று தொடங்கும்வரை நம்மைக் காக்கவைக்கிறது. அந்த இடைவெளியை அத்தனை நேரம் நீட்டும் துணிச்சல்தான் புதியது. ராக் இசை வேகத்தை நம்பியிருந்த நாளில் இவர்கள் மெதுவாக வாசித்தார்கள்.

இன்னொரு காரணம் கீஸர் பட்லர். அவர் இந்தக் குழுவுக்காகத்தான் ரிதம் கிதாரை விட்டு, தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிதாருக்கு வந்தார். பல இடங்களில் அயோமியின் வரியையே கீழ்ஸ்தாயியில் பிடித்துக்கொண்டு போகிறார். இரண்டு வாத்தியங்கள் ஒரே சுவராக எழும்புகின்றன. ‘அயர்ன் மேன்’ பாடலில் ஆஸியின் குரலும் அதே வரியைப் பாடுகிறது. பாடல் வரிகளில் பெரும்பாலானவற்றை எழுதியவரும் பட்லர்தான். இரண்டாம் தொகுப்புக்கு வியட்நாம் போர்க்காலத்தில் எழுதப்பட்ட ‘வார் பிக்ஸ்’ பாடலின் பெயரையே முதலில் வைத்திருந்தார்கள். பிறகு தலைப்பு மாறியது, அட்டைப்படம் மாறவில்லை. அதனால்தான் அந்த அட்டையில் வாளோடு ஒருவர் காரணமே இல்லாமல் பாய்ந்து வருகிறார். கல்லூரி விடுதியில் அந்த ஒலிநாடாவை வைத்திருந்த நாள்களில் அதற்கு நாங்கள் கண்டுபிடித்த தத்துவ விளக்கங்களை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

முதல் தொகுப்பை ஏறத்தாழ ஒரே நாளில், மேடையில் வாசிப்பதுபோலவே பதிவு செய்தார்கள். விமர்சகர்கள் பலர் அதை இகழ்ந்தார்கள். ஆனால் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் அது முதல் பத்து இடங்களுக்குள் வந்தது, ‘பாரனாய்ட்’ முதலிடத்தைப் பிடித்தது. 2006இல் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இவர்கள் சேர்க்கப்பட்டபோது அறிமுக உரை ஆற்றியவர்கள் பிற்கால ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிகாவினர். 2025 ஜூலை 5 அன்று, குழுவினர் நால்வரும் வளர்ந்த, பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியிலேயே உள்ள வில்லா பார்க் மைதானத்தில் நடந்த இறுதி நிகழ்ச்சியில் அதே மெட்டாலிகா இவர்களுடைய பாடல்களை வாசித்தது. பதினேழு நாள் கழித்து ஆஸி காலமானார். நீங்கள் கேட்ட சுருதி இறக்கத்துக்கும் வாரிசுகள் இல்லாமல் இல்லை. மூன்றாம் தொகுப்பின் தாழ்ந்த, மந்தமான ஒலியைப் பிடித்துக்கொண்டு டூம் மெட்டல் என்றொரு கிளையே வளர்ந்தது. விபத்துக்கு அந்த அளவு பங்கு உண்டு, மறுக்கவில்லை.

அடுத்த முறை அந்த முதல் பாடலைக் கேட்கும்போது, இறுதிப் பகுதியில் திடீரென்று வேகம் எடுக்கும் இடத்தில் கிதாரை விட்டுவிட்டு டிரம்ஸைக் கவனியுங்கள். ஜீன் க்ரூப்பா முதலான ஜாஸ் கலைஞர்களைக் கேட்டு வளர்ந்த பில் வார்டு அங்கே தாளத்தைத் துள்ளவிடுகிறார். அவருக்கு விரல்கள் பத்தும் நன்றாகவே இருந்தன.